விண்மீன்களைப் பார்த்துக் கடலில் வழி காணும் ஹவாய் மரபைக் கற்கச் செல்பேசிச் செயலி போதாதா? வானத்தைப் பார்த்து எழுதும் குறிப்பேடு எதற்கு?

போதாது. செயலி விண்மீனின் பெயரைச் சொல்லும், அவ்வளவுதான். நீங்களும் என்னைப் போல வேலைக்காக ஹொனலுலு வந்தவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஹோகூலேஆவைப் பழகுங்கள். நாம் சுவாதி என்பது அதைத்தான். ஹவாய்த் தீவுகளில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலாகக் கடக்கும் விண்மீன். அதன் பெயர் கொண்ட இரட்டைத் தோணியை 1976இல் பசிபிக்கின் மைக்ரோனேசியத் தீவுகளைச் சேர்ந்த மௌ பியாய்லுக் கருவி எதுவும் இல்லாமல் தெற்கே உள்ள தஹிதித் தீவுக்குச் செலுத்தினார். 1980இல் ஹவாய்க்காரரான நைனோவா தாம்சன் அதே தோணியில், அதே முறையில் அங்கே போய்த் திரும்பினார். தொடுவானத்தை ‘வீடு’ எனப்படும் 32 பகுதிகளாகப் பிரிக்கும் விண்மீன் திசைகாட்டியை வகுத்தவரும் அவர்தான். ஒரு விண்மீன் எந்த வீட்டில் எழுகிறதோ, மேற்கே அதே பெயருள்ள வீட்டில் மறையும். அதனால் எழும் இடத்தையும் மறையும் இடத்தையும்தான் முதலில் குறிக்க வேண்டும்.

என் குறிப்பேட்டில் நான் பெருமைப்படும் பக்கம் ஹானையாகமாலமாவுடையது. தென்சிலுவையின் ஹவாய்ப் பெயர் அது. மே மாத நடுவில், இரவு ஒன்பது மணி வாக்கில் நிமிர்ந்து நிற்கும். ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவின் தென்கரையிலிருந்து பார்த்தால், அதன் மேல் விண்மீனுக்கும் கீழ் விண்மீனுக்கும் உள்ள இடைவெளியும், கீழ் விண்மீனுக்கும் கடல்விளிம்புக்கும் உள்ள இடைவெளியும் சமம். கையை நீட்டி விரலால் அளந்து எழுதி வைத்திருந்தேன். பிறகு பெரிய தீவின் தென்முனையான கா லாயேவில் அளந்தேன். கீழ் இடைவெளி ஓவாஹுவில் இருந்ததைவிட ஒரு விரலுக்குச் சற்று மேல் கூடியிருந்தது! ஓவாஹு வட அட்சரேகை 21 பாகையில் இருக்கிறது, கா லாயே 19 பாகையில். தெற்கே வந்திருக்கிறேன் என்பதை வானமே எனக்குச் சொன்னது.

‘விரல் அளவெல்லாம் அறிவியலா?’ என்று யாராவது கேட்பார்கள். ஒரே கை, முழுதாக நீட்டிய ஒரே தூரம் என்றால் ஒப்பிட அது தாராளமாகப் போதும். வந்தேறிக்கு இந்த மரபில் என்ன உரிமை என்றும் கேட்கலாம். நான் உரிமை கோரவில்லை, கற்பிக்கவும் இல்லை. மரியாதையோடு கற்றுக்கொள்கிறேன்.

என் கோபமெல்லாம் விளக்குகள் மீதுதான். எங்கள் குடியிருப்பில் வாகன நிறுத்தத்துக்கு வெள்ளை விளக்குகளைப் போட்டு, பாதி வெளிச்சத்தை வானத்துக்கு அனுப்புகிறார்கள். மூடி போடுங்கள் என்று எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. இப்படிப்பட்ட வெளிச்சத்தில் தடுமாறிக் கடற்பறவைக் குஞ்சுகள் தரையில் விழுகின்றன. அதற்காகவாவது ஒரு மூடி போடக்கூடாதா?

குறிப்பேட்டில் நாள், நேரம், நின்ற இடம், நிலவு, மேகம், எழுந்த திசை, விரல் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். சிவப்பு விளக்கில் எழுதினால் இருளுக்குப் பழகிய கண் கெடாது. ஹவாய்ப் பெயரை எழுதும்போது, அதை யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே விண்மீனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வழங்குவதுண்டு.