மூன்று தொப்பிகள்

அன்புள்ள ஐயா,

டெக்சஸில், டல்லாஸ் பக்கம் பிளேனோவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் பதினோராம் வகுப்பு. ஆறடி ஐந்து அங்குலம். பள்ளி ஃபுட்பால் அணியில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) அஃபென்சிவ் லைனில், அதாவது தாக்கும் பக்கத்தின் முன்வரிசையில், ஆடுகிறான். எங்கள் அணியில் ஆட வா என்று ஒன்பது கல்லூரிகள் ‘ஆஃபர்’ கொடுத்திருக்கின்றன என்று அவன் அம்மா பெருமையாகச் சொன்னார். அவ்வப்போது ஒரு ஊருக்குப் போய், அந்தக் கல்லூரி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறான். நமக்குக் கல்லூரி என்றால் கட்-ஆஃப், ரேங்க், கவுன்சலிங். இவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பணம்தானா? எட்டாவது படிக்கும் என் மகனும் ஃபுட்பாலில் சேர்ந்திருக்கிறான், அதனால் கேட்கிறேன்.

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பணமும்தான். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025-இல் ஒரு வழக்கின் சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டன. முதல் ஆண்டு உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குப் போகிறது.

ஆனால் முதலில் இந்த ‘ஆஃபர்’ என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். அதை நம் ஊர் அலாட்மென்ட் ஆர்டர் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பையனிடம் இப்போது இருப்பது ஒன்பது வாய்வார்த்தைகள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்டுக்கு முன் எழுத்தில் கொடுக்க விதியே இடம் தராது. கையெழுத்து பெரும்பாலும் டிசம்பரில், மிச்சம் பிப்ரவரியில். இருபது சொச்சம் இடத்துக்கு நூற்றுக்கணக்கான பையன்களிடம் இதே வார்த்தையைச் சொல்லி வைப்பார்கள். அந்த ஜெர்சியும் அப்படித்தான், படம் எடுத்து முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் ஒஹையோவில் இருந்தபோது, என்னோடு வேலை பார்த்தவரின் மகனும் இதே லைன்மேன்தான். டிசம்பரில் ஒரு பெரிய கல்லூரியின் கோச் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, பாட்டி செய்த ஆப்பிள் பையை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாட்டியின் முழங்கால் வலியை விசாரித்தார். ஜனவரியில் பையன் ஃபோன் செய்து “வருகிறேன்” என்றான். “கொஞ்சம் பொறு, இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்” என்று பதில் வந்தது. அப்புறம் அந்த ஆள் ஃபோனை எடுக்கவே இல்லை. பாட்டிக்குத்தான் கோபம் ஆறவில்லை, இரண்டு முறை பை வாங்கிச் சாப்பிட்டானே என்று.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் உருப்படியான வேலை நடந்தது. மீதியிருந்த இரண்டு கல்லூரிகளின் வீரர் பட்டியலை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு, கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதினார். இவன் ஆடும் இடத்தில் எத்தனை பேர், யார் எந்த வருடம், அடுத்த மே மாதம் எத்தனை பேர் கிளம்புகிறார்கள். ஒன்றில் முன்னால் ஆறு பேர். மற்றதில் மூன்று பேர், அதில் இருவர் கடைசி வருடம். இதைத்தான் ‘டெப்த் சார்ட்’ என்பார்கள். நம் பாஷையில் வரிசை. கல்லூரியின் பெயர், மைதானத்தின் அளவு, டிவியில் எத்தனை ஆட்டம் வரும் என்பதெல்லாம் வரிசையில் நமக்கு எந்த இடம் என்று தெரிந்த பிறகு பேச வேண்டியவை என்பது என் கட்சி. இன்றைக்கு ஒரு அணியில் 105 பேர் வரை இருக்கலாம். ஒரு நேரத்தில் களத்தில் நிற்பது பதினொரு பேர்.

வரிசை நீளம் என்று தெரிந்தே போய் நிற்பவர்களும் உண்டு. ஃபுட்பாலில் பேர்பெற்ற குடும்பத்துப் பையன் ஆர்ச் மேனிங்கின் தாத்தாவும் சித்தப்பா ஈலையும் ஆடியது மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில், இன்னொரு சித்தப்பா பெய்டன் ஆடியது டென்னஸியில். பையன் 2022-இல் இரண்டையும் விட்டு டெக்சஸைத் தேர்ந்தான். அங்கே அதே இடத்தில் ஆடிய குவின் யூவர்ஸுக்குப் பின்னால் இரண்டு பருவம் பொறுத்திருந்தான். அந்தக் குடும்பத்துக்குப் பொறுக்க வசதி இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது கோச். தலைமைக் கோச்சைப் பார்த்துப் போகாதே என்று எல்லோரும் புத்தி சொல்வார்கள். 2024 ஜனவரியில் தலைமைக் கோச் நிக் சேபன் அலபாமாவிலிருந்து ஓய்வு பெற்றபோது, அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்த ஜூலியன் சாயின் என்ற வீரன், வந்த சூட்டிலேயே ஒஹையோ ஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டான். ஆனால் 2021 டிசம்பரில், பள்ளி வீரர்களில் நாட்டிலேயே முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்த டிராவிஸ் ஹன்டர், நெடுநாளாக வாக்குக் கொடுத்திருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டை விட்டுவிட்டு, டியோன் சாண்டர்ஸ் என்ற ஒரே கோச்சை நம்பி ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரிக்குப் போனான். பிறகு அவரோடே கொலராடோவுக்குப் போய், 2024-இல் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கினான். அப்படி ஒருவன் எப்போதாவதுதான் வருவான். லைன்மேனுக்கு தலைமைக் கோச்சைவிட, தினமும் பக்கத்தில் நின்று கால் எங்கே வைக்க வேண்டும் என்று கத்துகிற லைன் கோச்தான் முக்கியம். அவரும் மாறிப் போவார், சரி. அதனால்தான் கல்லூரியைப் பார்க்க விசிட் போகும்போது கோச்சுகள் இல்லாத சாப்பாட்டு மேசையில் இரண்டாம் வருடப் பையன்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கச் சொல்கிறேன். நாற்பத்தெட்டு மணி நேர உபசாரத்தில் கொஞ்சமாவது உண்மை கிடைக்கும் இடம் அதுதான்.

அப்புறம் தூரம். அம்மா சனிக்கிழமை காரில் போய் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்பது பல வீடுகளில் சத்தமில்லாமல் முடிவைத் தீர்மானிக்கிறது. லூசியானா ஸ்டேட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்த பிரைஸ் அண்டர்வுட் என்ற பள்ளி வீரன் 2024 நவம்பரில் மிச்சிகனுக்கு மாறியபோது ஊரெல்லாம் பணத்தைப் பற்றித்தான் பேசியது. மிச்சிகன் மாநிலத்துப் பெல்வில்லில் இருக்கும் அவன் வீட்டிலிருந்து அந்தக் கல்லூரிக்குக் காரில் அரைமணி நேரம் என்பதும் கணக்கில் உண்டுதான்.

உங்கள் மகனுக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்தே கணக்கு ஆரம்பம். முதல் நிலைக் கல்லூரியில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றில் ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.3 வேண்டும். அது நம் வீடுகளில் பெரிய பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த ஒஹையோப் பையன் மூன்று பேர் வரிசைக்கே போனான். பிப்ரவரி முதல் புதன்கிழமை, பள்ளி ஜிம்மில் மேசை போட்டு, மூன்று கல்லூரிகளின் தொப்பிகளை வைத்து, தான் சேரும் கல்லூரியுடையதை எடுத்து மாட்டிக்கொண்டான். எல்லாரும் கைதட்டினோம். மூன்றையும் அப்பாதான் கடையில் வாங்கி வந்திருந்தார். மேசையில் மிஞ்சிய இரண்டில் ஒன்று, ஃபோனை எடுக்காத அந்தக் கல்லூரியுடையது.