கட்டைக்கு அடியில் பஸ் டிக்கெட்

வாசகர் கேள்விகள்: பியானோ பழுதும் பராமரிப்பும்
பதில்: சென்னையில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தொழில் செய்யும் ஒரு பியானோ ட்யூனர்

எங்கள் வீட்டில் பாட்டி காலத்து அப்ரைட் (தந்திகள் செங்குத்தாக நிற்கும்) பியானோ இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் போதும், நடுவில் உள்ள ஆறேழு கட்டைகள் அழுத்தினால் எழுவதே இல்லை. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. விடலாமா?
வாசகி, பாளையங்கோட்டை

விடாதீர்கள். முடிந்தால் மாமாவின் எண்ணெய்ப் புட்டியையும் வாங்கி ஒளித்துவையுங்கள். தையல் மெஷினில் இரும்போடு இரும்பு உரசுகிறது. பியானோவுக்குள் உரசுவது பெரும்பாலும் கம்பளித் துணியும் உலோக ஊசியும். எண்ணெய் குடித்த கம்பளி ஊதும், தூசியைக் கவ்வும், சில மாதங்களில் பிசினாகிவிடும். கீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டில் யாரோ நல்லெண்ணத்துடன் துரு நீக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்துவிட்டார்கள். தந்தியை அடிக்கும் 88 சுத்தியல்களின் அச்சுகளையும் மாற்ற எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நல்லவேளை, தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனிங் பின்கள் பக்கம் போகவில்லை. அந்தப் பின்களை மரம் வெறும் இறுக்கத்தால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே எண்ணெய் இறங்கினால் வீணையின் பிரடை வழுக்குவது போலத்தான், சுருதி நிற்காது.

உங்கள் பியானோவுக்கு வந்திருப்பது மழைக்கால ஊதல். எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். மேல் மூடியைத் திறந்து, சிக்கும் கட்டையின் சுத்தியலை மட்டும் விரலால் தந்திப் பக்கம் தள்ளி விட்டுப் பாருங்கள். சட்டென்று திரும்பினால் அதன்மேல் குற்றமில்லை. கட்டையை இடவலமாக ஆட்டுங்கள். மயிரிழை அளவாவது ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் ஆணி நுழையும் கட்டையின் துளையில் ஒட்டியிருக்கும் துணி ஊதிவிட்டது. இதற்கென்றே ஒரு குறடு உண்டு. அதன் இரண்டு தாடைகளும் கத்தரிக்கோல் போல் சாய்ந்து மூடாமல் இணையாக மூடும். ஒன்று துளைக்குள் போகும். அகலமான மற்றொன்று வெளியே மரத்தில் தழும்பு விழாமல் அணைத்துக்கொள்ளும். ஒரே ஒரு மென்மையான அழுத்து, போதும். துளை பெரிதாகிவிட்டால் கட்டை கடகடவென்று ஆடும், புதுத் துணி ஒட்ட வேண்டியிருக்கும்.

சுத்தியல் சோம்பலாகத் திரும்பினால் அச்சில் இறுக்கம். அந்த அச்சு ஒரு சிறு உலோக ஊசி, 20ஆம் எண் என்றால் 1.27 மி.மீ. கனம். அரை எண் ஏறினால் 0.025 மி.மீ. தான் கூடும். இந்த அளவில் வேலை செய்ய ஊசியைத் தள்ளியெடுக்கும் கருவியும் துளை இழைக்கும் நுண்கம்பியும் வேண்டும். அதற்கு முன் ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். துணி நனைந்து ஊதி, ஊசியின் மேல் தானே நெருக்குண்டு, நன்றாகக் காய்ந்ததும் சற்றுச் சுருங்கி வழிவிடும். பாட்டியின் பியானோ என்கிறீர்கள்; மேல் பாலிஷில் ஸ்பிரிட் பட்டால் வெள்ளைத் திட்டு விழும், கவனம்.

ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் நான். இணையத்தில் 15 சாமான்கள் கொண்ட பியானோ கருவிப் பெட்டி வாங்கினேன். எதிலிருந்து தொடங்குவது?
வாசகர், திருச்சி

பெட்டியை மூடி வைத்துவிட்டு ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்ல ஆசை. கேட்க மாட்டீர்கள், பௌதிக ஆசிரியர்.

பின்களைத் திருப்பும் ட்யூனிங் லீவரின் முனையைப் பாருங்கள். சதுரத் தலை கொண்ட பின்னில் எட்டுத் திசையிலும் உட்காரும் நட்சத்திர வடிவம் அது. சாதாரண ஸ்பானர் பின்னின் விளிம்பை மழுக்கிவிடும். ஏறக்குறைய 220 பின்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தந்தியும் 70, 80 கிலோ இழுவையில் நிற்கிறது. கை நடுங்கினால் சுருதி ஓடிவிடும். பின்னை முறுக்குவதை விட, முறுக்கிய பின் அதை அங்கேயே நிற்கச் செய்வதுதான் வித்தை. அதற்கே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உச்சக் கட்டைகளில் ஒரு சுரத்துக்கு மூன்று தந்திகள் என்பதால் ஒன்றை விட்டு மற்றவற்றை அடக்க ரப்பர் ஆப்புகளும் நீளமான ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பட்டையும் வேண்டும். அப்ரைட்டுக்கு இடுக்கி போன்ற ஒரு மியூட் (தந்தி அடக்கி) உண்டு. சுத்தியல்களின் காம்புகளுக்கு இடையே நுழைத்துவிடலாம். ஃபோன் செயலியைப் பற்றி என்னைத் திட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் திட்டுவதில்லை. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கம்பியின் விறைப்பால் மேல் ஸ்தாயிச் சுரங்களைக் கணக்கைவிடச் சற்று உயர்த்தித்தான் சேர்க்க வேண்டும். இதை அறியாத மலிவான செயலி கணக்கில் சரியாக இருக்கும், காதுக்குச் சுருதி இறங்கியதாக ஒலிக்கும்.

ஆனால் நீங்கள் பௌதிகம் என்பதால், சுருதியைவிட ரெகுலேஷன்தான், அதாவது கட்டை, சுத்தியல் அசைவுகளின் அளவைச் சீர்செய்வதுதான், உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். 1700 வாக்கில் புளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி இந்தக் கருவியைச் செய்தபோது எதிர்கொண்ட சிக்கல் இதுதான்: விரல் கட்டையை இன்னும் அழுத்திக்கொண்டிருக்கும்போதே சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு விடுபட்டுத் திரும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டே நின்றால் ஒலி செத்துவிடும். அவர் 1720இல் செய்த பியானோ ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அந்த விடுபடும் இடத்தைத்தான் இன்றும் நாம் திருகாணி வைத்துச் சீர்செய்துகொண்டிருக்கிறோம். கட்டையை மிக மெதுவாக அழுத்துங்கள். அப்ரைட்டில் சுத்தியல் தந்திக்குச் சுமார் 3 மி.மீ. முன்பே கைவிட்டுப் பின்வாங்க வேண்டும். ஓய்வு நிலையில் சுத்தியலுக்கும் தந்திக்கும் இடையே சுமார் 45 மி.மீ., கட்டை இறங்கும் ஆழம் சுமார் 10 மி.மீ. இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். ஒன்றை மட்டும் திருத்துகிறேன் என்று இறங்குகிறவர்கள்தான் இரவு இரண்டு மணிக்கு எனக்கு ஃபோன் செய்கிறார்கள்.

பெட்டியில் வட்ட வட்டமான தாள் வாஷர்கள் இருந்தால் அவைதான் அதில் உள்ள உருப்படியான சாமான். கட்டையைத் தாங்கும் நடு ஆணியில் ஒன்றைச் செருகினால் கட்டையின் முன் விளிம்பு ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு உயரும். முன் ஆணியின் ஃபெல்ட்டுக்கு அடியில் செருகினால் ஆழம் குறையும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர். வெளிநாட்டு வாஷர் கிடைக்காத காலம் அது. அவர் பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து வட்டமாக வெட்டிக்கொள்வார். சைக்கிள் ஸ்போக்கை வளைத்து ஸ்பிரிங் மாட்டும் கொக்கி செய்வார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து வேப்பேரியில் ஒரு பியானோவைத் திறந்தேன். கட்டைகளுக்கு அடியில் மங்கிய பச்சையில் பாதி எண்கள் தெரிந்தன. அந்த டிக்கெட்டுகளை நான் எடுக்கவில்லை. ஆழம் சரியாக இருந்தது, எடுக்கக் காரணமும் இல்லை.

சுத்தியல் முனைகளில் தந்தி பதிந்து பள்ளம் விழுந்திருக்கிறது. ஒலி தகரம் போல் இருக்கிறது. நானே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
வாசகி, கோத்தகிரி

முதல் தடவை வேண்டாம். மெல்லிய குச்சியில் ஒட்டிய உப்புத்தாளால் சுத்தியல் முனையின் பக்கவாட்டுத் தோளிலிருந்து உச்சி நோக்கி, வெங்காயம் உரிப்பது போல் ஃபெல்ட்டை அடுக்கடுக்காக எடுப்பது முறை. உச்சியைக் குறுக்கே தேய்த்தால் முட்டை வடிவம் போய் மொட்டையாகிவிடும். எடுத்த ஃபெல்ட்டைத் திரும்ப ஒட்ட முடியாது. அதன் பிறகும் தகரம் ஒலித்தால் மூன்று ஊசிகள் பொருத்திய கைப்பிடியால் தோள்களில் குத்தி இளக்குவார்கள். உச்சியில் குத்துகிறவரைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஈரத்துக்காகப் பியானோவுக்குள் பல்ப் எரியவிடுவது எங்கள் தாத்தா வழக்கம். நாங்களும் செய்கிறோம். ஆனால் இப்போது பலன் தெரியவில்லையே?
வாசகர், மந்தைவெளி

நீங்கள் போட்டிருப்பது எல்இடி பல்பாக இருக்கும். தாத்தாவின் குண்டு பல்ப் சூடு தந்தது. அதுதான் ஈரத்தை விரட்டியது. உங்களுடையது பியானோவுக்குள் வெளிச்சம் மட்டும் போடுகிறது, கரப்பான்களுக்கு வசதி. குண்டு பல்புக்குத் திரும்பச் சொல்லவும் மாட்டேன்: தூசி, காய்ந்த மரம், திறந்த சூடு, மூன்றும் ஒரே பெட்டியில். இதற்கென்றே விற்கும் குறைந்த சூட்டுத் தண்டு, ஈரம் பார்த்துத் தானே அணையும் கட்டுப்பாட்டுடன் கிடைக்கிறது. அதற்கும் முன் ஓர் ஈரமானி வாங்குங்கள். 40 முதல் 50 சதவீதம் நல்லது என்பார்கள். மந்தைவெளியில் அது கனவு. அளவு சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே சீராக இருக்கட்டும். இரவு ஏசி, பகலில் திறந்த ஜன்னல் என்ற ஊஞ்சலைத்தான் மரம் தாங்காது.

ஒரு தந்தி அறுந்துவிட்டது. வீணைக் கம்பி போடலாமா?
வாசகர், தூத்துக்குடி

கூடாது. அறுந்த துண்டை எறியாமல் மைக்ரோமீட்டரில் அளந்து, அதே கனத்தில் பியானோ கம்பியே போட வேண்டும். 13ஆம் எண் என்றால் 0.775 மி.மீ. புதுக் கம்பி பல வாரங்கள் இளகிக்கொண்டே இருக்கும், அடிக்கடி ஏற்ற வேண்டிவரும். மாட்டும்போது கண்ணாடி அணியுங்கள்.

புதிதாக ஒரு ட்யூனர் வருகிறேன் என்கிறார். அவருக்கு வேலை தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகி, வேளச்சேரி

பையைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதலில் லீவரை எடுக்காமல் எல்லாக் கட்டைகளையும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பவர், மூடியைக் கழற்றி டார்ச் அடித்து எட்டிப்பார்ப்பவர், பூச்சி அரித்திருக்கிறதா என்று ஃபெல்ட்டைத் தடவுபவர் என்றால் நாற்காலி போடுங்கள். வந்தவுடன் பிளம்பர் குறடை எடுத்துப் பின்னில் மாட்டினால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். காபியைப் பியானோவின் மேல் வைக்க விடாதீர்கள்.