ஆற்றுப் படங்களுக்கு எச்டிஆர் எதற்கு?

ஒகேனக்கல்லில் காவிரியைப் படமெடுத்தால் ஒன்று வானம் வெளுக்கிறது, இல்லையென்றால் பாறை இடுக்கு கறுத்துவிடுகிறது. எச்டிஆர் (HDR, High Dynamic Range) இதை எப்படிச் சரிசெய்கிறது?

ஒரே காட்சியைக் கேமராவுக்குள் குறைந்த, நடுத்தர, கூடுதல் வெளிச்சம் விட்டுத் தனித்தனிப் படங்களாக எடுத்து இணைப்பதுதான் எச்டிஆர். கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஓரளவு ஒளியைத்தான் கொள்ளும். நிரம்பி வழிந்த டம்ளரைப் பார்த்து எவ்வளவு ஊற்றினார்கள் என்று சொல்ல முடியுமா? வெளுத்த வானமும் அப்படித்தான். விவரம் போனது போனதுதான். அதனால் வானத்தைக் குறைந்த வெளிச்சப் படத்திலிருந்தும், பாறை நிழலைக் கூடுதல் வெளிச்சப் படத்திலிருந்தும் எடுக்கிறோம்.

ஆற்றில் இன்னொரு சிக்கல்: படத்துக்குப் படம் நுரை இடம் மாறும், இணைத்தால் இரட்டையாகத் தெரியும். தண்ணீருக்கு மட்டும் ஒரே படத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நீரில் தெரியும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிடச் சற்று மங்கலாகவே இருக்கட்டும்.

கண்ணைப் பறிக்கும் நிறம்தான் எச்டிஆர் என்று பலர் நினைக்கிறார்கள். அது இணைத்த பிறகு எடிட்டிங் செயலியில் ஸ்லைடரை மிகையாக இழுப்பதால் வருவது.