டயர் தாங்குமா?

கேள்வி: கொலராடோவில் இருக்கிறேன். ரிவியன் ஆர்1டி மின்சார டிரக், 21 அங்குல ஆல்-சீசன் (எல்லாப் பருவத்துக்குமான சாதாரணச் சாலை) டயர். யூட்டாவின் மோவாப் பாறைப் பாதைகளுக்கு இதே டயரோடு போகலாமா?

பதில்: காய்ந்த மணற்பாறை உப்புத்தாள் மாதிரி, எந்த ரப்பரையும் பிடித்துக்கொள்ளும். ஏறுவதில் சிக்கல் இல்லை. எனக்குப் பயம் டயரின் பக்கச்சுவர்தான். வண்டி மட்டுமே 3 டன்னுக்கு மேல். அந்தக் கனத்தோடு கூரான கல் விளிம்பில் உரசினால் பக்கவாட்டில் வாய் பிளந்துவிடும்; அந்த இடத்தில் பஞ்சரும் ஒட்ட முடியாது. ஸ்டெப்னி இல்லாமல் கிளம்பாதீர்கள் (அதற்குத் தனியாகக் காசு வாங்குவது எனக்குப் பிடிக்காத விஷயம்).

மின் மோட்டாரின் இழுவை தொட்டதும் முழுசாக வரும். சக்கரம் நின்ற இடத்தில் சுழன்றால் சரளைக்கல் ரப்பரைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். மணலில் டயர் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்; தார்ச்சாலை ஏறுமுன் பழையபடி 48 பிஎஸ்ஐ நிரப்புங்கள். மழை வந்தால் திரும்பிவிடுங்கள், களிமண் அப்பிய ஆல்-சீசன் டயர் மொட்டை டயர்தான்.

அடிக்கடி போவதாக இருந்தால் 20 அங்குல ஆல்-டெரெய்ன் (கரடுமுரடான பாதைக்கான) டயர் போடுங்கள். ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறையும், இரைச்சல் கூடும். வருஷத்துக்கு ஒரு தடவைக்கு அந்தச் செலவு வேண்டாம்.