தொடரை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பொன்னியின் செல்வனை இரண்டு முறை படித்துவிட்டேன் அம்மா. அதேபோல் பழைய காலத்தில் நடக்கும் மர்ம நாவல் தொடர் ஆங்கிலத்தில் இருக்கிறதா? என் ஆங்கிலம் சுமார்தான். கையில் கிடைத்த பாகத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?
(கல்லூரி மாணவர், மன்னார்குடி)

இருக்கிறது தம்பி. 'பிரதர் கேட்ஃபைல்' என்று கேளுங்கள். எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எடித் பார்கிட்டர் எழுதிய 20 நாவல்கள். முதல் நாவல் 1977-ல் வந்தது, கடைசி 1994-ல். அடுத்த வருடமே அந்த அம்மையார் காலமாகிவிட்டார். கதை நடப்பது 1137 முதல் 1145 வரை, இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரத்து மடத்தில். ஸ்டீபன் மன்னருக்கும் அவருடைய மாமன் மகள் மட்டில்டாவுக்கும் அரியணைக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது.

துப்பறிகிறவர் ஒரு துறவி. இளமையில் சிலுவைப் போருக்குப் போய், கடலோடியாகத் திரிந்து, நாற்பது வயதுக்கு மேல் மடத்தில் சேர்ந்து மூலிகைத் தோட்டம் போட்டவர். எனக்கு இவர் மேல் இத்தனை பிரியம் வந்ததற்குக் காரணம் அந்தத் தோட்டத்துக் குடிசைதான். என் அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். வச்சநாபியை மட்டும் தனி டப்பாவில் போட்டு, எங்கள் கைக்கு எட்டாத மேல் தட்டில் வைத்திருப்பார். மூன்றாவது நாவலில் அதே இனத்துச் செடி வருகிறது. மூட்டு வலிக்குத் தடவ கேட்ஃபைல் காய்ச்சிய தைலத்தை யாரோ ஒருவர் சாப்பாட்டில் கலந்துவிடுகிறார். தான் செய்த மருந்தே ஓர் உயிரை எடுத்துவிட்டதே என்று அவர் தவிக்கிற இடத்தில், அந்த மேல் தட்டு என் கண் முன்னால் வந்து நின்றது. பார்கிட்டர் இளம் வயதில் மருந்துக் கடையில் உதவியாளராக வேலை பார்த்தவர். அந்தப் பக்கங்களில் அது தெரியும்.

சரி, வரிசைக்கு வருகிறேன். தயவுசெய்து முதல் நாவலிலிருந்து தொடங்குங்கள். நான் தப்பாகத் தொடங்கியவள். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் ஆறாவது நாவல்தான் கிடைத்தது. வாங்கி ஒரே மூச்சில் படித்தேன். கொலையாளி யார் என்பதெல்லாம் நன்றாகவே புரிந்தது. ஆனால் கடைசிப் பக்கங்களில் ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டு கேட்ஃபைல் அப்படியே ஆடிப்போகிறார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சில மாதங்கள் கழித்து முதல் நாவலைப் படிக்கும்போது, அவர் தன் பழைய நாட்களை நினைத்துப் பார்க்கிற இடத்தில், போகிற போக்கில் அதே பெயர் வருகிறது! ஐந்து நாவல் காத்திருந்து அனுபவிக்க வேண்டியதை நானே கெடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு. அவர் துறவியான கதையைச் சொல்லும் சிறுகதைத் தொகுப்பு 1988-ல் வந்தது. கதைப்படி அது முன்னால் நடந்தாலும், பத்து நாவல்களாவது தாண்டிய பிறகு எடுங்கள்.

ஆங்கிலம் பற்றிக் கவலை வேண்டாம். முதல் முப்பது பக்கம் மெதுவாகத்தான் போகும், செடிகளின் பெயர்களும் பழைய சொற்களும் வரும். அங்கே நேரத்தைச் சொல்வது வழிபாட்டு மணிகள்தான். மேட்டின்ஸ் நள்ளிரவு, பிரைம் விடியல், வெஸ்பர்ஸ் மாலை, காம்ப்ளின் படுக்கைக்கு முன். இந்த நான்கையும் அட்டையின் உள்பக்கம் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். யார் எப்போது எங்கே இருந்தார் என்ற கணக்கு தானாகப் பிடிபடும்.

கேள்வி: இம்மாதிரி நாவல்களில் எது வரலாறு, எது கற்பனை என்று எப்படிப் பிரிப்பது?
(வாசகி, காட்டுமன்னார்கோவில்)

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்கிறது. அந்த இரவில் அறைக்குள் என்ன நடந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. கல்கி நுழைந்தது அந்த இடைவெளியில். கேட்ஃபைல் தொடரின் இரண்டாவது நாவலும் அப்படித்தான். 1138-ல் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்த ஸ்டீபன், எதிர்த்து நின்றவர்களைக் கூட்டமாகக் கொன்றது வரலாறு. நாவலில் அவர்கள் 94 பேர். சடலங்களை அடக்கம் செய்யப் போன கேட்ஃபைல் எண்ணிப் பார்க்கிறார், 95 இருக்கிறது. அந்த ஒரு சடலம்தான் நாவலாசிரியருடையது. படித்து முடித்ததும் ஒரு நாள் கோயிலுக்குப் போய் அந்தக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு நார்னியா மாயக்கதைத் தொகுதி வாங்கினேன். 1 என்று போட்டிருக்கும் புத்தகத்தையே முதலில் கொடுக்கலாமா?
(வாசகர், திருச்சி)

வேண்டாம். இப்போதைய பதிப்புகளில் 1 என்று போட்டிருப்பது 'மந்திரவாதியின் மருமகன்', 1955-ல் வந்த ஆறாவது புத்தகம். 1950-ல் முதலில் வந்தது சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் வருகிற கதை; இப்போது அதற்கு 2 என்று எண். ஆசிரியர் லூயிஸே ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில், கதை நடக்கும் வரிசையின் பக்கம்தான் சாய்ந்தார். இருந்தாலும் இதில் நான் அவரோடு உடன்பட மாட்டேன். லூசி என்ற சிறுமி அலமாரிக்குள் புகுந்து, அந்தப் பக்கம் காட்டில் இறங்குகிறாள். பனி கொட்டுகிறது. நட்ட நடுக்காட்டில் தனியாக ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அது ஏன் அங்கே நிற்கிறது என்று உங்கள் மகள் நான்கைந்து புத்தகம் வரை யோசித்துக்கொண்டே இருக்கட்டும்.