1, 2, 3 என்று நம்பர் போட்டு ஓட்டு: வடசென்னை கேள்விகளும் பதில்களும்

சட்டமன்றத் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் பட்டனை அமுக்குவதற்குப் பதில், வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாமா என்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

கொருக்குப்பேட்டை: எண்ணும்போது எல்லாருடைய 2-ஐயும் கூட்டுவாங்களா சார்?

இல்லை. பாதிப் பேர் குழம்புவது இங்கேதான். முதலில் 1-ஐ மட்டும் பார்த்துக் கட்டு பிரிப்பார்கள். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், கடைசியில் இருப்பவரின் கட்டை மட்டும் பிரித்து, அதில் உள்ள 2-ஐப் பார்த்து மற்றவர்களுக்குப் பங்கிடுவார்கள். முன்னணியில் இருப்பவர் கட்டில் யாருக்கு 2 விழுந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதே இல்லை.

1,000 ஓட்டு, நாலு பேர் என்று வையுங்கள்: 420, 310, 180, 90. கடைசி ஆளின் 90-ல் முதலாமவருக்கு 20, இரண்டாமவருக்கு 50, மூன்றாமவருக்கு 10. மீதி 10 சீட்டில் 2 போடவே இல்லை, அது கழிந்துவிடும். இப்போது 440, 360, 190. அடுத்து மூன்றாமவரின் 190 பிரிகிறது: 30, 140, கழிவு 20. முடிவு 470-க்கு 500. இரண்டாமவர் ஜெயித்தார். ஆனால் அந்த 500, விழுந்த 1,000-ல் பாதிக்கு மேல் இல்லை. கடைசிவரை நின்ற 970-ல்தான் பாதிக்கு மேல். "ஜெயிப்பவருக்கு எப்போதும் பெரும்பான்மை" என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

தண்டையார்பேட்டை: 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்ல இது இருந்திருந்தா ரிசல்ட் மாறியிருக்குமா?

மாறியிருக்காது. தினகரன் 89,013, மதுசூதனன் 48,306, மருதுகணேஷ் 24,651. முதலிடம் பாதியைத் தாண்டியதால் முதல் சுற்றிலேயே கதை முடிந்திருக்கும். மும்முனைப் போட்டியில் 35, 40 சதவீதத்தில் ஒருவர் ஜெயிக்கிற தொகுதியில்தான் இந்த முறைக்கு வேலை.

காசிமேடு: நம்ம நாட்டுல இது எங்கனா நடக்குதா?

குடியரசுத் தலைவர் தேர்தலும் ராஜ்யசபா தேர்தலும் இப்படித்தான். 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் வி.வி.கிரி முதல் எண்ணிக்கையில் 4,01,515 (எம்.பி., எம்.எல்.ஏ. ஓட்டுகளின் மதிப்பு), சஞ்சீவ ரெட்டி 3,13,548. தேவை 4,18,169. மற்றவர்களின் ஓட்டைப் பிரித்த பிறகே கிரி 4,20,077-க்குப் போனார். ரெட்டியும் 4,05,427 வரை வந்துவிட்டார். ராஜ்யசபாவில் பல இடம் ஒரே நேரத்தில் என்பதால் கணக்கு வேறு: 6 இடத்துக்கு 234 எம்.எல்.ஏ.க்கள் ஓட்டு போட்டால் 234-ஐ 7-ஆல் (இடம் 6 + 1) வகுத்து 33.4; ஆக 34 ஓட்டு போதும்.

அங்கே எண்ணைத்தான் எழுத வேண்டும், "ஒன்று" என்று எழுத்தில் எழுதினால் செல்லாது. தமிழ் எண் 'க' போட்டால் செல்லும், ஆனால் அதைப் போடும் எம்.எல்.ஏ. யார் என்று தெரியவில்லை! கொடுத்த பேனாவையே பயன்படுத்தவும் வேண்டும். 2016 ஹரியானா ராஜ்யசபா தேர்தலில் வேறு பேனாவால் குறித்த ஓட்டுகள் தள்ளுபடியாகி முடிவே புரண்டது. எம்.எல்.ஏ.க்களுக்கே இந்தக் கதி.

வியாசர்பாடி: ஜனங்க 2, 3 எல்லாம் போடுவாங்களா?

இலங்கையைப் பாருங்கள், அங்கே ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 போடலாம். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035. யாருக்கும் பாதி இல்லை. முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஒரே அடியாக விலக்கப்பட்டார்கள். அவர்களிடம் இருந்தது சுமார் 33 லட்சம் ஓட்டு. அதிலிருந்து இந்த இருவருக்கும் வந்து சேர்ந்த விருப்பு வாக்கு 2.73 லட்சம்தான், 12-ல் ஒன்று. பெரும்பாலானோர் ஒரு ஆளுக்கு மட்டும் குறித்துவிட்டுப் போய்விட்டார்கள். பழகாத ஊரில் முதல் தேர்தலிலேயே இதைவிட நன்றாக நடக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

ராயபுரம், பூத் ஏஜென்ட்: 17சி படிவம் என்ன ஆகும்?

உருப்படியான கேள்வி. இன்று வாக்குப்பதிவு முடிந்ததும் பூத்தில் விழுந்த மொத்த ஓட்டு 17சி-யில் ஏறி, நகல் உங்கள் கைக்கு வருகிறது. எண்ணும் நாளில் பூத் பூத்தாகக் கூட்டினால் தொகுதி முடிவு. வரிசை ஓட்டில் அப்படிக் கூட்ட முடியாது. யார் கடைசி என்பது தொகுதி முழுக்க எண்ணினால்தான் தெரியும். அதுவரை ஒவ்வொரு சீட்டின் முழு வரிசையும் பத்திரமாக இருக்க வேண்டும்.

அந்த வரிசையை பூத்வாரியாக வெளியிட்டால் இன்னொரு வில்லங்கம். 16 பேர் நின்றால், முதல் மூன்று இடத்தை மட்டும் நிரப்பவே 16×15×14 = 3,360 வழி. ஒரு பூத்தில் அதில் பாதி வாக்காளர்கூட இருக்க மாட்டார்கள். பணம் கொடுத்தவன், "நம்மாளுக்கு 1, ஏழாவது சுயேச்சைக்கு 2, பதினோராவதுக்கு 3" என்று வீட்டுக்கு ஒரு வரிசை சொல்லிவிட்டால் போதும். அந்த வரிசை பட்டியலில் இருக்கிறதா என்று பிறகு பார்த்துக்கொள்வான். ரகசிய ஓட்டு ரசீது ஓட்டாகிவிடும். பணப் பட்டுவாடாவால் 2017 ஏப்ரலில் வாக்குப்பதிவே ரத்தான ஆர்.கே.நகர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. எல்லா பூத் சீட்டையும் கலந்து எண்ணினால் இது குறையும். ஆனால் பூத்வாரியாகச் சரிபார்க்கும் உங்கள் பிடியும் போகும். இதற்கு வழி சொல்லாமல் சட்டமன்றத்துக்கு இந்த முறை வேண்டும் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

திருவொற்றியூர்: அரசியல் சட்டத்தை மாத்தணுமா?

வேண்டாம். நேரடித் தேர்தல் என்றுதான் அதில் இருக்கிறது. 1951-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தையும் 1961-ன் தேர்தல் நடத்தை விதிகளையும் திருத்தினால் போதும்.

பெரம்பூர்: எல்லாருக்கும் பிடிச்ச ஆள்தான் கண்டிப்பா ஜெயிப்பாரா?

கண்டிப்பில்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் இதே முறையில் நடந்த மும்முனை இடைத்தேர்தலில் பெகிச் என்ற வேட்பாளர், மற்ற இருவரில் யாரோடு தனித்து மோதியிருந்தாலும் ஜெயித்திருப்பார் என்று ஓட்டுப் பதிவுகளே காட்டின. முதல் விருப்பத்தில் கடைசி என்பதால் அவர்தான் முதலில் வெளியேறினார்.

எர்ணாவூர்: எங்க ஃப்ளாட் சங்கத்துல செயலாளர் பதவிக்கு நாலு பேர். வைக்கலாமா சார்?

தாராளமாக. 120 சீட்டை ஒரே மேஜையில் எண்ணிவிடலாம். மூன்று விதியை மட்டும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: 1 இல்லாத சீட்டு, அல்லது இரண்டு பேருக்கு 1 போட்ட சீட்டு செல்லாது. 2-ஐ விட்டு 3 போட்டிருந்தால் 1-ஓடு நிறுத்துவதா, 3-ஐ 2-ஆக எடுப்பதா. கடைசி இடத்தில் இருவர் சமமென்றால் யார் முதலில் வெளியே. முதல் சுற்றில் குறைவாக வாங்கியவர், அதுவும் சமமென்றால் சீட்டுக் குலுக்கல். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கட்டுகளையும் கழிந்ததையும் கூட்டிப் பாருங்கள். 120 வரவில்லையென்றால் அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள். குறைவது பெரும்பாலும் இதனால்தான்: ஏற்கெனவே வெளியேறியவர் பெயருக்கு 2 போட்ட சீட்டு, 3-ஐப் பார்க்காமல் மேஜையிலேயே கிடக்கும்.