தறிச் சத்தத்துக்குள் பாடுகிறவள்

கேள்வி: அக்கா, நாங்கள் நாலு பேர் சேர்ந்து உள்ளூர் கேபிள் சேனலுக்கு எட்டு வார நகைச்சுவைத் தொடர் எடுக்கிறோம். தறி ஓட்டும் பெண்தான் நாயகி. வாரம் இரண்டு பாட்டு. கையில் இருக்கும் பாட்டுகளை வைத்துக் கதை கட்டலாம் என்கிறான் நண்பன். கதைதான் முதலில் என்கிறேன் நான். கொங்குப் பேச்சில் பாட்டு எழுதினால் மட்டமாகத் தெரியுமா?
- வாசகி, குமாரபாளையம்

பதில்: கண்ணு, உன் நண்பர் சொல்கிற வழியிலும் நல்ல தொடர் வந்திருக்கிறது. நியூசிலாந்துக்காரர்கள் பிரெட் மெக்கென்சியும் ஜெமைன் கிளெமென்ட்டும் பல வருஷம் மேடையில் பாடிய பாட்டுகளைக் கொண்டுதான் 2007-இல் 'ஃப்ளைட் ஆஃப் த கான்கார்ட்ஸ்' முதல் பருவத்தை எடுத்தார்கள். இரண்டாம் பருவத்துக்குள் கையிருப்பு தீர்ந்து, புதிதாக எழுத வேண்டி வந்தது. 2009-இல் 22 அத்தியாயங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். எட்டு வாரத்துக்கு உங்கள் கையிருப்பு தாங்கும்.

நீங்கள் இருவரும் கேட்காமல் விட்ட கேள்விதான் என்னை உறுத்துகிறது. அவள் பாடுவது மற்றவர் காதில் விழுகிறதா? 2015 முதல் 2019 வரை நாலு பருவம் ஓடிய அமெரிக்கத் தொடர் 'கிரேஸி எக்ஸ்-கேர்ள்ஃப்ரெண்ட்'டில் 150-க்கும் மேல் பாட்டு. அவை பெரும்பாலும் நாயகி ரெபேக்காவின் தலைக்குள் ஓடும் கற்பனை. அவ்வளவு பாட்டையும் அந்த ஒரு தீர்மானம்தான் தாங்கியது.

உனக்கோ அவள் பாட்டு யார் காதிலும் விழாததற்குக் காரணம் பட்டறையிலேயே இருக்கிறது. விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அங்கே அவள் ஓனரைத் திட்டிப் பாடலாம், மனசுக்குப் பிடித்தவனைக் கூப்பிட்டுப் பாடலாம். திடீரென்று கரண்ட் போகட்டும். தறியில் நூலோடு ஓடும் நாடா நிற்கும்; கடைசிச் சொல் மட்டும் பட்டறை முழுக்கக் கேட்கும். இந்தக் கணக்குக்குள் வராத பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் எடுத்துவிடு.

பேச்சு வழக்கா மட்டம்? நம்ம கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை உடுக்கடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுகிறார்களே, அது என்ன, இலக்கணத் தமிழா? வசனத்தில் கதையை ஓட்டிவிட்டு, மனசு கனக்கும் இடத்தில் பாட்டுக்கு வருவார்கள். போய் உட்கார்ந்து கேள். உன் நாயகி ஓனரிடம் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவாள் அல்லவா? பாட்டில் அந்த 'ங்க'வை மட்டும் எடுத்துப் பார், சிரிப்பு தானாக வரும்.

பாட்டை முன்பே பதிவு செய்து, ஓடவிட்டுத்தான் நடிப்பீர்கள். சிரிப்புக்கான இடைவெளி பதிவிலேயே இருக்க வேண்டும். பிறகு நீட்டுவது பெரும்பாடு. அதனால் நடிக்கிற பெண்ணை வைத்துப் போனில் பாடிப் பார்த்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போங்கள். தறிச் சத்தத்தைத் தனியாகப் பதிந்து, அதன் வேகத்திலேயே தாளம் வையுங்கள். கரண்ட் போகும் இடத்தில் பட்டறை காதில் விழப்போகும் சொல் எது என்று முதலில் முடிவு செய், பாட்டை அங்கிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வா.